பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

வில்ஃப்ரெட் எண்ட்விசிலுக்குக் குடி கிடையாது, சூது கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது. அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஓர் ஆசைதான். பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்று இரண்டு எழுத்து போட்டுக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு எழுத்துக்காகப் பத்தொன்பது வருஷம் அவன் நடந்த நடையையும் போட்ட கும்பிடுகளையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் எனக்கு முன் பெஞ்சில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்பதால் அவன் இவன் என்றுதான் எழுதுவேன். மரியாதை வேண்டுமென்றால் வேறு யாராவது அவனைப் பற்றி எழுதட்டும்.

ஜே.பி. என்றால் கௌரவ மாஜிஸ்திரேட். சம்பளம் இல்லை. சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் பிராக்கன்ஷாவில் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் மூன்று பேராக மேடையேறி உட்கார்ந்து, குடித்துவிட்டு அடுத்தவன் தோட்டத்தில் விழுந்து கிடந்தவனுக்கும், விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவனுக்கும், கடையில் டின் மீனைக் கோட்டுக்குள் ஒளித்தவளுக்கும் தண்டனை சொல்ல வேண்டும். சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கீழே உட்கார்ந்திருக்கும் கிளார்க் பில்லிங் எழுந்து திரும்பிக் காதில் ஓதுவார். மேலே இருப்பவர்கள் தாங்களே கண்டுபிடித்ததுபோல அதை உரக்கச் சொல்வார்கள். அந்த பில்லிங்கின் டைப்பிஸ்ட் நான், டோரா கிரிம்ஷா. பதினேழு வருஷம் அவர் அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறேன். ஊர் பெரிய மனிதர்களின் பெருமை எவ்வளவு மெலிசான காகிதத்தில் அடிக்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும்.

நியமன உத்தரவு ராணியின் பெயரில் லண்டனிலிருந்து வரும். ஆனால் பிராக்கன்ஷாவில் யார் யோக்கியன், யார் அயோக்கியன் என்று லண்டனுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல ஓர் ஆலோசனைக் குழு உண்டு. எங்கள் ஊரையும் பக்கத்து இரண்டு ஊர்களையும் சேர்த்து ஆறு பேர். அந்த ஆறு பேர் யார் என்பது பரம ரகசியம். வெளியே தெரிந்தால் ஆளாளுக்கு அவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்களாம். யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் ஒரு படிவத்தில் எழுதி அனுப்பலாம். ஆனால் தனக்குத் தானே கேட்டுக்கொண்டு போவது அழகில்லை. ஆசைப்படுகிறவன் என்று வாசனை அடித்தாலே பெயரை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அதனால் எங்கள் ஊரில் ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் ஆசையே இல்லாத முகத்தோடு திரிந்தார்கள்.

வில்ஃப்ரெட் அந்த முகத்தைக் கண்ணாடி பார்த்துப் பழகியிருக்க வேண்டும். சந்தைத் தெருவில் அவனுக்குத் திரைச்சீலைக் கடை. குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாததால், யார் இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று தானே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டான். அதில் முதல் ஆள் ஓய்வுபெற்ற கர்னல் தோர்ப். பெரிய மீசை, பெரிய நாய், பெரிய வீடு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கர்னல் வீட்டுக்கு ஒரு பாட்டில் ஷெர்ரி ஒயின் போய்விடும். கர்னலும் கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையை ஓர் அங்குலம் அசைப்பார். அந்த ஓர் அங்குலத்தை வைத்து வில்ஃப்ரெட் ஒரு வருஷம் ஓட்டிவிடுவான். கர்னல் அந்தக் குழுவில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஓசியில் ஷெர்ரி வருகிறது, எதற்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒரு முறை மாஜிஸ்திரேட்டுகளின் ஓய்வறைக்குத் திரை தைக்கும் வேலை வில்ஃப்ரெடுக்கு வந்தது. ஜன்னல் அளவெடுக்க ஆளை அனுப்பாமல் அவனே வந்தான். அரைமணி நேரம் ஆகியும் சத்தமில்லையே என்று பில்லிங் எட்டிப் பார்த்தால், கோர்ட் ஹாலில், மேடையில், நடு நாற்காலியில் இவன் உட்கார்ந்திருக்கிறான். கையில் அளவு நாடா.

"என்ன எண்ட்விசில், நாற்காலிக்கும் சேத்துத் திரை போடப் போறீங்களா?" என்றார் பில்லிங்.

"வெளிச்சம் பாக்குறேன் சார். உக்காந்து பாத்தாதான் எந்தப் பக்கம் கண்ணு கூசுதுன்னு தெரியும்."

"நீங்க தைக்க வேண்டியது பக்கத்து ரூமுக்கு."

அவன் எழுந்தான். எழுந்தவன் நாற்காலியின் கையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் இறங்கினான். இதை பில்லிங் என்னிடம் சொல்லும்போது சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கட்சிக் கூத்து இன்னும் மோசம். படிவத்தில், நீங்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர் என்று ஒரு கேள்வி உண்டு. மேடையில் ஒரே கட்சிக்காரர்களாக நிரம்பிவிடக்கூடாது, எல்லாத் தரப்பும் இருக்க வேண்டும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எங்கள் ஊர் எல்லாத் தரப்பு எப்படி இருந்தது என்றால், பீர் ஆலை முதலாளி, அவர் மைத்துனர், அவர்கள் இருவரின் பல் டாக்டர், கர்னல். நாலு தரப்பும் ஒரே கோல்ஃப் மைதானத்தில் பந்து தேடுகிறவர்கள். இதைக் கொஞ்சம் சரிசெய்யத் தொழிலாளர் கட்சி ஆட்களைத் தேடுகிறார்கள் என்று யாரோ வில்ஃப்ரெடின் காதில் போட்டுவிட்டார்கள். பிறந்ததிலிருந்து கன்சர்வேட்டிவாக இருந்தவன் அடுத்த வாரமே தொழிலாளர் கட்சியில் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டான்.

"ஏன் வில்ஃப்ரெட், போன தேர்தல் வரைக்கும் அந்தக் கட்சிக்காரங்க தெருவுல வந்தா கடைக் கதவச் சாத்துவியே?" என்று கேட்டேன்.

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல, டோரா."

"இத்தன வருஷம் அது எங்க போயிருந்துச்சாம்?"

"உனக்குக் கிண்டல்தான் தெரியும்."

இரண்டு வருஷத்தில் காற்று மாறியது. இப்போது லிபரல் ஆட்கள் குறைவாம். மனசாட்சியும் கூடவே மாறியது. அவன் மேசை இழுப்பறையில் மூன்று கட்சி அட்டைகளும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. தையல் வேலைக்கு வரும் பெண் என்னிடம் சொன்னாள்.

இவ்வளவு செய்தவன் ஒரு விஷயத்தை மட்டும் யோசிக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவன் பெயரை எழுதி யாருமே ஒரு படிவம் அனுப்பவில்லை. கர்னல் அனுப்பியிருப்பார் என்று பல் டாக்டர் நினைத்திருக்கலாம். பல் டாக்டர் அனுப்பியிருப்பார் என்று வேறொருவர் நினைத்திருக்கலாம். உண்மை என்னவென்றால் யாரும் அவனைப் பற்றி நினைக்கவே இல்லை. பில்லிங்தான் அந்தக் குழுவுக்கும் செயலாளர், அதனால் அதன் கோப்புகள் முழுவதும் என் அலமாரியில் இருந்தன. அதில் எண்ட்விசில் என்ற பெயரே கிடையாது. அறுபது வயதைத் தாண்டியவர்களைப் புதிதாக நியமிப்பதில்லை என்பது விதி. அவனுக்கு ஐம்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது.

அவனுக்கு ஓர் அக்கா உண்டு. ஹெட்டி ஹோல்ட். லோமாக்ஸ் ஆலையில் நெசவாளி, பிறகு சங்கத் தலைவி. கால்வாய்க்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊர் எல்லையில் வீடு. இருபது வருஷத்துக்கு முன்னால் ஆலையில் ஸ்டிரைக் நடந்தபோது முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். லாரிகள் உள்ளே போக முடியவில்லை. எங்கள் கோர்ட்டில்தான் அபராதம் போட்டார்கள். பத்திரிகையில் பெயர் வந்தது. அன்றைக்கே வில்ஃப்ரெட் அக்காவை விட்டுவிட்டான். அவள் எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவான். அவள் புருஷன் செத்தபோது ஒரு கார்டு அனுப்பினான், அதிலும் கையெழுத்து இல்லை. அம்மா செத்த பிறகு அவனுக்குச் சட்டை துவைத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். அவன் மூக்கைத் துடைக்க அவள் கொடுத்தனுப்பும் கைக்குட்டையை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தக் குழுவின் ரகசியத்தைச் சொல்கிறேன். எல்லோரும் செத்தோ ஓய்வுபெற்றோ போயாயிற்று, இனி யாருக்கும் நஷ்டமில்லை. குழுவின் தலைவி திருமதி லோமாக்ஸ், அந்த ஆலை முதலாளியின் விதவை. தொழிலாளர் தரப்பிலிருந்து ஓர் ஆள் வேண்டுமே என்று தேடியபோது அவர் கேட்டு வாங்கிய ஆள் ஹெட்டி ஹோல்ட். "என் வாசலை மூணு நாள் அடைச்சவ, அவளுக்கு நேர்மைன்னா என்னன்னு தெரியும்" என்று சொன்னாராம். ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வில்ஃப்ரெட் யாருக்கு ஷெர்ரி கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

ஒரு நாள் கூட்டம் முடிந்து ஹெட்டி என் அறைக்குள் வந்தாள்.

"டோரா, ஒரு படிவம் குடுடி."

"யாருக்கு?"

"எந்தம்பிக்குத்தான்."

நான் தட்டச்சை நிறுத்தினேன். "உனக்குப் பைத்தியமா? ரோட்டுல உன்னைப் பாத்தா முகத்தத் திருப்பிக்கிறவன்."

"மூஞ்சியத் திருப்புறதுக்கும் நியாயம் சொல்றதுக்கும் என்னடி சம்பந்தம்? கடையில ஒரு முழம் துணி கொறச்சு யாருக்காச்சும் குடுத்திருக்கானா? வேலைக்கு இருக்கிற பொண்ணுங்கள ஒரு வார்த்தை கெட்டதாப் பேசியிருக்கானா? அவனுக்கு வேற என்ன இருக்கு, சொல்லு. அடுத்த மார்ச்சுல அறுபது. யாரும் அவன் பேர எழுதலன்னு எனக்குத் தெரியும். நான் எழுதுறேன்."

என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற இடத்தில், உடன்பிறந்த தம்பி, பிறந்த நாளிலிருந்து தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த கூட்டத்தில் அவன் பெயர் வந்ததும், நான் எழுதியது, நான் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தன் தேநீர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். உள்ளே ஐந்து நிமிஷத்தில் முடிவாயிற்று. நேர்காணலுக்குக் கூப்பிடலாம்.

கடிதம் கிடைத்த அன்று வில்ஃப்ரெட் கர்னல் வீட்டுக்கு இரண்டு பாட்டில் அனுப்பினான்.

நேர்காணல் டவுன் ஹால் மாடியில், ஒரு வியாழக்கிழமை மதியம். குறிப்பெடுக்க நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். புதுக் கோட்டு, புது டை, தலையில் பளபளவென்று எண்ணெய். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், ஒரு காலி நாற்காலி. ஐந்து முகங்களையும் பார்த்து அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் பட்டியலில் இருந்த ஒருவர்கூட அங்கே இல்லை. கர்னலைத் தேடிக் கண் கதவுப் பக்கம் போய்ப் போய் வந்தது.

சொல்லக் கசக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நன்றாகவே பதில் சொன்னான். பிள்ளைக்காக டின் பால் திருடியவள், குடித்துவிட்டுக் கார் ஓட்டிய டாக்டர், இந்த இருவரில் யார் செய்தது பெரிய குற்றம் என்று கேட்டார்கள். டாக்டர்தான் என்றான்.

"ஏன்? அவர் மேல யாரும் புகார் சொல்லலியே, யாருக்கும் அடிபடல," என்றார் திருமதி லோமாக்ஸ்.

"அடிபடாதது அவர் அதிர்ஷ்டம் மேடம். அதிர்ஷ்டத்துக்கெல்லாம் தண்டனையக் கொறைக்கக்கூடாது."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கே ஒரு கணம் அவன்மேல் மதிப்பு வந்தது. பக்கத்து அறையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் ஹெட்டியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கடைசிக் கேள்வி எல்லோரிடமும் கேட்பதுதான்.

"உங்க வாழ்க்கையிலயோ உங்க நெருங்கின குடும்பத்திலயோ, வெளிய தெரிஞ்சா இந்தப் பதவிக்கு சங்கடம் வர்ற மாதிரி ஏதாவது இருக்கா, மிஸ்டர் எண்ட்விசில்?"

இதற்கு எல்லோரும் கொஞ்சம் நெளிவார்கள். ஒருவர் சின்ன வயதில் ஆப்பிள் திருடியதைச் சொல்வார். இன்னொருவர் மச்சான் கடனைச் சொல்வார். சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

"ஒண்ணுமில்ல மேடம்."

"குடும்பத்துல?"

"குடும்பம்னு யாருமில்ல மேடம். அப்பா அம்மா போயிட்டாங்க."

"கூடப் பொறந்தவங்க?"

அவன் டையைத் தொட்டுச் சரிசெய்தான். "கெடையாது மேடம். நான் ஒரே பிள்ளை."

திருமதி லோமாக்ஸின் முன்னால் அந்தப் படிவம் இருந்தது. ஹெட்டியின் கோணல் கையெழுத்து என் இடத்திலிருந்தே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்.

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க மிஸ்டர் எண்ட்விசில். சின்ன விஷயம்னா நாங்க அதப் பெருசா எடுத்துக்க மாட்டோம்."

"யோசிக்க என்ன மேடம் இருக்கு? ஒரே பிள்ளைன்னா ஒரே பிள்ளைதான்," என்று சிரித்தான்.

அவர் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். நான் அதைக் குறிப்பில் எழுதினேன்.  அந்தச் சின்ன அபராதத்துக்குப் பயந்து, உயிரோடு பக்கத்து அறையில் இருந்தவளைப் பிறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டான். இவன் மேடையேறி யாருக்கு என்ன நியாயம் சொல்லியிருப்பான்!

அவன் படியிறங்கிப் போன பிறகு ஹெட்டியிடம் போனேன்.

"எப்படிடி பண்ணான்?"

"டாக்டர் கேள்விக்கு நல்லா பதில் சொன்னான்," என்றேன். 

"சொல்லுவான். சின்ன வயசுலயே கூட்டல் தப்பா போட்ட வாத்தியாரத் திருத்தினவனாச்சே," என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

மூன்று வாரத்தில் அவனுக்குக் கடிதம் போனது. வருந்துகிறோம், இயலவில்லை. காரணம் சொல்லும் வழக்கம் கிடையாது. நான்தான் அடித்தேன். அடுத்த மாதம் அவனுக்கு அறுபது ஆனது.

பிறந்தநாள் அன்று திரைத்துணி வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் உப்பின மூஞ்சியோடு நின்றிருந்தான்.

"எல்லாம் அவளால வந்தது, டோரா," என்றான்.

"யாரால?"

"எங்கக்காவாலதான். அவ பண்ணின கூத்த எவனோ போய்ச் சொல்லிட்டான். இல்லன்னா எனக்கு ஏன் இல்லன்னு சொல்லணும்? என் வாழ்க்கையே அவளால நாசமாப் போச்சு."

பதினேழு வருஷம் கட்டிக் காத்த வாய் அது. அந்த ஒரு நிமிஷத்தில் திறந்துகொண்டது. ஓய்வூதியம் போனால் போகட்டும் என்று தோன்றியது.

"உன் பேர எழுதிக் குடுத்ததே அவதாண்டா. அந்தக் காலி நாற்காலி அவளோடது. உனக்காகத்தான் எந்திரிச்சு வெளிய போய் உக்காந்திருந்தா. தம்பின்னு அவ கைப்பட எழுதின காகிதத்துக்கு முன்னால நின்னுதான் நீ ஒரே பிள்ளைன்னு சொன்ன."

 கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். அழுதிருந்தால் மன்னித்திருப்பேன், சத்தியமாக.

"ஹெட்டி அந்தக் குழுவுல இருக்காளா?" என்றான் மெதுவாக. "அப்போ, அறுபதுங்கிறத ஒரு வருஷம் தளர்த்தச் சொல்லி அவ கேட்டா, கேப்பாங்களா?"

வாங்கிய துணியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஹெட்டி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவள். அவள் சமையலறை மேசையில் வெள்ளை விரிப்பு போட்டிருந்தது. நடுவில் சீமைச்சோம்பு போட்ட கேக், ஒரு துண்டு மட்டும் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு சின்னக் கிளாஸ்கள்.

"வந்தான்டி," என்றாள் ஹெட்டி. "நேத்து சாயங்காலம். இருபது வருஷத்துக்கு அப்புறம்."

"ஹெட்டி, நாந்தான் அவன்கிட்ட..."

"தெரியும். நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் அன்னைக்கு என்ன சொன்னான்னும் தெரியும். குறிப்புல நாங்க ஆறு பேரும் கையெழுத்துப் போடணுமே, படிக்காமலா போடுவேன்?"

நான் உட்கார்ந்தேன். "என்ன சொன்னான்?"

"கையில ஷெர்ரி பாட்டிலோட வந்தான். தொப்பியக்கூடக் கழட்டல. ஒரு துண்டு கேக் தின்னான், அம்மா பண்றது மாதிரியே இருக்குன்னான். சரி, வந்துட்டான், போதும்னு நெனச்சேன். கிளாஸ் எடுத்து வச்சேன். அப்புறம் வயசு விஷயத்த எடுத்தான். அறுபதுன்னா அறுபதுதான்டா, ராணியே கேட்டாலும் நடக்காது, என்னால ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"எந்திரிச்சான். கதவு வரைக்கும் போனான். நின்னான். திரும்பி வந்தான். ஏதோ சொல்லப் போறான்னு நானும் எந்திரிச்சுட்டேன்." ஹெட்டி மேசையைப் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, மூச்சு வாங்கச் சிரித்தாள். "பாட்டில எடுத்துட்டுப் போயிட்டான்டி."

நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் சிரிப்பது நின்றுபோய்விட்டது என்று தெரிந்தது. முன்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அந்த இரண்டு கிளாஸ்களையும் அலமாரியில் வைத்தாள். கழுவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை.